பத்தொன்பதாம் கேள்வி

வெள்ளிக்கிழமை. பிள்ளைகளுக்கு லீவு.
ஏஜாக்ஸ் பள்ளி நூலகத்தில்
பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் இடிக்க இருந்தோம்
இருபத்தாறு ஆசிரியர்கள்.
வெளியே பனி வாரும் வண்டி
கார் நிறுத்துமிடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

சிறுபிள்ளைகளும் இணைய அடிமைத்தனமும்
என்று ஒரு தலைப்பு.
பேச வந்தவர் நல்ல மனிதர். தொண்டை கட்டியிருந்தது.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
எங்கள் மடிகளில் வெளிச்சம் வந்து வந்து போனது.
என் மடியிலும்.

பிறகு தாள் கொடுத்தார்கள். இருபது கேள்வி.
உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்,
ஒன்று முதல் ஐந்துவரை வட்டமிடுங்கள்.

நினைக்க வேண்டியிருக்கவில்லை.
இரண்டாம் வகுப்பு, ஜன்னலோர மேசை, ஆரணன்.

மூன்று: பகலில் தூங்கி விழுகிறதா?
பத்து இருபதுக்கு. மணிக்கூடு தேவையில்லை.
கழித்தல் கணக்கில்
பக்கத்து வீட்டில் கடன் வாங்கும் இடம் வரும்போது
அவன் நெற்றி கொப்பியில் படும்.
ஐந்து.

ஏழு: திரைப் பழக்கம் வேறு இடங்களில் தெரிகிறதா?
படப்புத்தகத்து நரியை
இரண்டு விரலால் அகட்டிப் பார்த்தான்.
நரி பெரிதாகவில்லை.
புத்தகம் பழுது என்பதுபோல் என்னைப் பார்த்தான்.
இதை ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டி
எல்லோரையும் சிரிக்கவைத்தவள் நான்தான்.
ஐந்து.

பதினொன்று: பறித்தால் கோபம் வருகிறதா?
காற்றோடு சேர்த்து மைனஸ் இருபத்தெட்டு.
வெளியே விடமுடியாத இடைவேளை.
பத்தொன்பது பேருக்கும் டாப்லெட்டைக் கொடுத்துவிட்டு
ஆறிப்போன தேநீரை நின்றபடி குடித்தேன்.
திருப்பிக் கேட்டபோது
ஃபொலாக்கே தந்தாள்,
மத்தேயுஷ் முனகிக்கொண்டு தந்தான்,
ஆரணன் என் மணிக்கட்டைக் கடித்தான்.
வரிசையாகப் பல் தடம்.
பால்பல் விழுந்த இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.
நாலு என்று போட்டேன்.
மிச்சம் ஒன்று என்னுடைய கணக்கில்.

பதினாறு, பதினேழு, பேனா தானாக ஓடியது.
எழுபதைத் தாண்டினால் சிவப்பு,
பெற்றோரை அழைக்கவும் என்றிருந்தது.

அழைத்திருந்தேன், போன கிழமையே.
இரும்பு முனைச் சப்பாத்தும்
களஞ்சியத்து ஆரஞ்சு மேற்சட்டையுமாக வந்தாள் தாய்.
தமிழில் சொன்னால் சுடாது என்று நினைத்துச் சொன்னேன்:
இரவில அதைக் கையிலயிருந்து வாங்கி வையுங்கோ.

என் மேசையில் கிடந்த அழிறப்பரை
உருட்டிக்கொண்டே இருந்தாள்.
பிறகு,
"அதுக்குள்ளதான் மிஸ் நான் இருக்கிறன்.
அவருக்கு லொறி, கிழமைக்கு ரெண்டு நாள்தான் வீடு.
மச்சாள் பக்கத்து அறையில படுத்திருப்பா.
எனக்குப் பிரேக் ஒண்டரைக்கும் நாலுக்கும்.
முழிச்சிருந்து என்ர முகத்தைப் பாத்திட்டுத்தான் படுப்பான்.
அதை வாங்கி வைக்கிறதெண்டால்
என்னையெல்லோ வாங்கி வைக்கவேணும்."

ஒன்றரைக்கும் நாலுக்கும் நடுவே
அவன் எதைப் பார்க்கிறான் என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
அழிறப்பர் கீழே விழுந்தது.
இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்.

பத்தொன்பது:
தாய் தகப்பனோடு இருப்பதைவிடத்
திரையோடு இருப்பதை விரும்புகிறதா?

பேனா முனை அங்கேயே நின்று
ஒரு நீலப் பொட்டு ஊறத் தொடங்கியது.
தாள் சேகரிக்க வந்தவர்
முடிந்ததா என்றார், கட்டிய குரலில்.
ஒன்று கிடக்கிறது என்றேன்.
பரவாயில்லை, சராசரி எடுத்துக்கொள்வோம் என்றார்.

திங்கட்கிழமை
கழித்தலைப் பின்னேரத்துக்கு மாற்றினேன்.
பத்து இருபதுக்கு வெயில் பனியில் பட்டு
நேரே அவன் முகத்துக்கு வந்தது.
வகுப்பு வாசித்துக்கொண்டிருந்தது.
சத்தம் வராமல் போய்
ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.